உள் கொப்பி மாற்றும் தோலுறைக் குறிப்பேடு: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்தபடியே அமைத்துக்கொள்ளும் முறை

ஜனவரியில் ஆசையோடு வாங்கிய டயறி மார்ச் மாதத்தில் கைவிடப்பட்டு, பாதிக்கு மேல் வெறுந்தாளாக அலுமாரிக்குள் போய்ச் சேர்வது பலருக்கும் பழகிய விடயம்தான். அதற்கு மாற்றாக இப்போது பலரும் விரும்பிக் கேட்பது தோலுறைக் குறிப்பேடு. நல்ல தோலில் ஓர் உறை, அதன் முதுகில் ஓடும் லாஸ்டிக், அந்த லாஸ்டிக்கில் செருகப்பட்ட இரண்டு மூன்று மெல்லிய கொப்பிகள், அவ்வளவுதான் அதன் அமைப்பு. எழுதி முடிந்த கொப்பியைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகிக்கொண்டால் உறை பல ஆண்டுகளுக்கு உழைக்கும்.

சிக்கல் உறையில் இல்லை. இதைப் பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் உள் கொப்பிகளைக் கடையில் வாங்கக்கூடிய நாட்டில் இருந்துகொண்டு சொல்கிறார்கள். களுவாஞ்சிகுடியிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பவர் உறையை ஒருமுறை எப்படியாவது வாங்கிவிடலாம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை உள் கொப்பியைக் கடல் கடந்து வரவழைக்க முடியாது. ஆகவே இந்தக் கட்டுரையில் எல்லாமே ஒரே நிபந்தனையின் கீழ் வருகின்றன: பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடையில் கிடைக்கும் தாளைக் கொண்டு உள் கொப்பியை நீங்களே செய்துகொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும்.

1. உறையைப் பார்க்குமுன் அளவைத் தீர்மானியுங்கள்

இவ்வகைக் குறிப்பேட்டைப் பரவலாக்கியது 2006இல் ஜப்பானின் மிடோரி நிறுவனம் வெளியிட்ட டிராவலர்ஸ் நோட்புக் என்பதால், உலகெங்கும் அதன் அளவுகளையே பின்பற்றுகிறார்கள். அதன் வழக்கமான நீள அளவில் உள் கொப்பி 21 செ.மீ. உயரமும் 11 செ.மீ. அகலமும் கொண்டது. சிறிய பாஸ்போர்ட் அளவில் உள் கொப்பி 12.4 செ.மீ. உயரம், 8.9 செ.மீ. அகலம். இவற்றைத் தவிர ஏ5, ஏ6, பி6 என்ற அளவுகளிலும் உறைகள் விற்கப்படுகின்றன.

ஏ4 தாளின் அளவு 29.7 × 21 செ.மீ. அதைக் கிடையாக வைத்தால் உயரம் ஏற்கனவே 21 செ.மீ. இருக்கிறது. அகலத்தில் 7.7 செ.மீ. வெட்டி எடுத்தால் மிஞ்சுவது 22 செ.மீ.; அதை நடுவில் மடித்தால் 11 செ.மீ. ஒரு வெட்டு, ஒரு மடிப்பு. நீள அளவை நான் முதலில் சிபாரிசு செய்வதற்கு இதுவே காரணம். வெட்டி எடுத்த துண்டுகளும் வீணாவதில்லை. சந்தைக்குப் போகும்போது சாமான் பட்டியல் எழுதுவதற்கென்றே அளந்து வைத்தாற்போல இருக்கும்.

சட்டைப் பையில் வைக்க விரும்புபவர்கள் ஏ6 எடுக்கலாம். ஏ4 தாளை இரண்டாக வெட்டி மடித்தால் 14.8 × 10.5 செ.மீ. கொப்பி வந்துவிடும், கழிவே இல்லை. ஏ5 அளவுக்கு வெட்டவும் வேண்டாம், மடித்தால் போதும். ஆனால் அது மேசைக்கு உரியது, கையோடு கொண்டு திரிவதற்குப் பாரம். பாஸ்போர்ட் அளவுக்கு ஒரு ஏ4 தாளில் இரண்டு இணைத்தாள் (நடுவில் மடித்தால் இரண்டு இலையாகும் தாள்) எடுக்கலாம் என்றாலும் நான்கு பக்கமும் வெட்ட வேண்டியிருப்பதால் பொறுமை உள்ளவர்களுக்கே சரிவரும். பி6 பக்கம் போகாதீர்கள். அழகான அளவுதான், ஆனால் ஏ4இலிருந்து வெட்டினால் கழிவே கூட.

விற்பவர்கள் “ஏ5 அளவு” என்று சொல்வது சில வேளைகளில் உறையின் வெளி அளவையும், சில வேளைகளில் உள்ளே செல்லும் கொப்பியின் அளவையும் குறிக்கும். எனவே உறையின் பெயரைக் கேட்காமல், உள்ளே வைக்கும் கொப்பியின் உயரமும் அகலமும் எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. உறை: தைப்பிக்கவே தேவையில்லை

உறை என்று நான் சொல்வது ஒரே ஒரு தோற்துண்டு. நீள அளவுக்கு 22 செ.மீ. உயரமும் 25 செ.மீ. அகலமும், ஏறத்தாழ 2 மி.மீ. தடிப்பும் கொண்ட துண்டு போதும். தையல் இல்லை, ஒட்டு இல்லை, வெட்டும் துளைகளும் மட்டுமே. தோல் சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படும் பொருள். இந்தத் துண்டு 550 சதுர சென்ரிமீற்றர், அதாவது முக்கால் சதுர அடிக்கும் குறைவு. ஆகவே பை, சப்பாத்துத் தைப்பவரிடம் மிச்சத் துண்டு இருக்கிறதா என்று கேட்பதே மலிவான வழி. காட்போட் மட்டையில் சரியான அளவில் ஓர் அச்சு வெட்டி, துளைகளையும் அதில் குறித்துக் கொண்டுபோனால் அவருக்கும் விளக்கம் தேவைப்படாது, உங்களுக்கும் கூலியில் மிச்சம் பிடிக்கலாம்.

துளைகள் ஐந்து. முதுகுக் கோட்டின் மேல் முனையில், விளிம்பிலிருந்து 6 மி.மீ. உள்ளே தள்ளி, ஒன்றுக்கொன்று 8 மி.மீ. இடைவெளியில் பக்கம் பக்கமாக இரண்டு, கீழ் முனையிலும் அதேபோல் இரண்டு, முதுகின் நட்ட நடுவில் ஒன்று. துளையின் விட்டம் 3 மி.மீ. ஆணியால் குத்தினால் தோல் கிழியத் தொடங்கும். வட்டமாக வெட்டி எடுக்கும் துளைக்கருவி சப்பாத்துத் தைப்பவரிடம் இருக்கும், அவரையே போடச் சொல்லுங்கள்.

தோலை வாங்கும்போது நான்கு காரியங்களைப் பாருங்கள். வெட்டிய விளிம்பில் துணி இழை தெரிந்தால் அது ரெக்சின். ரெக்சினும் பீ.யூ. எனப்படும் செயற்கைத் தோலும் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் இரண்டொரு ஆண்டில் செதில் செதிலாக உரிந்துவிடும். அவற்றுக்குக் கொடுக்கும் பணம் வீண். அடுத்து, பின்புறம் நார் நாராக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூன்றாவதாக, இரண்டாக மடித்துப் பிடித்தால் மடிப்பில் வெடிப்பு விழக்கூடாது. நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளைச் சட்டையோடும் வெளிர்நிறச் சேலையோடும் பாடசாலைக்குப் போகிறவர்களுக்கு இது சின்னக் காரியம் அல்ல.

தாவரப் பொருளால் பதனிட்ட தோலில் ஒரு சொட்டு நீர் விட்டால் அது ஊறிக் கருமை படரும். குரோம் முறையில் பதனிட்டு மேற்பூச்சுப் பூசிய தோலில் நீர் முத்தாக நிற்கும். முதலாவது நாள் செல்லச் செல்லக் கைபட்டு நிறம் முதிரும். மழைக்குத் தாக்குப்பிடிப்பது இரண்டாவது. ஒளிப்படங்களில் மயங்கி எல்லோரும் முதலாவதையே தேடுகிறார்கள். தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டாவது போதும் என்பதே என் அபிப்பிராயம்.

3. வெளிநாட்டிலிருந்து உறையை எடுப்பதானால்

எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கைச் சரியாகப் போடுங்கள் என்கிறேன். சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் கூட்டிய தொகையின் மேல்தான் கணக்கிடப்படும். அதற்கு மேல் பெறுமதி சேர் வரி வேறு; 2024 ஜனவரி முதல் அது 18 சதவீதம். கூரியர் நிறுவனம் மூலம் வந்தால் பொருளைச் சுங்கத்தில் விடுவித்துத் தருவதற்கும் அவர்கள் கட்டணம் எடுப்பார்கள். ஆகவே திரையில் தெரியும் விலையை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு மலிவு என்று முடிவு செய்யக்கூடாது.

கையில் வைத்திருக்க வேண்டிய பத்திரங்கள்: தேசிய அடையாள அட்டை, பொதி வந்ததாகத் தபாலகம் அனுப்பும் அறிவித்தல், பணம் செலுத்தியதைக் காட்டும் பற்றுச்சீட்டின் அச்சுப் பிரதி. பொதியின் மேல் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். வீட்டுப் பெயரையோ, தகப்பனார் பெயரின் முதலெழுத்தை மட்டுமோ போட்டு ஓடர் செய்துவிட்டுத் தபாலகத்தில் நின்று விளக்கம் சொல்வது அநாவசிய அலைச்சல். வேறொருவரை அனுப்புவதானால் கையொப்பமிட்ட கடிதமும் இரு அடையாள அட்டைகளின் பிரதியும் கொடுத்துவிடுங்கள். “விலையைக் குறைத்து எழுதி அனுப்புகிறோம்” என்று விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் பொதி தேங்கிப்போவது உங்களுக்குத்தான்.

உள்நாட்டில், பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையில் வாங்கினால் பெரும்பாலும் பொதியைப் பிரிக்குமுன்பே காசைக் கொடுக்க வேண்டிவரும். அதனால் வெட்டு விளிம்பு தெரியும்படி, அடிமட்டம் வைத்து எடுத்த படத்தை முன்கூட்டியே கேளுங்கள். படம் அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

4. லாஸ்டிக் கோத்தல்

தையற் சாமான் கடையில் 2 மி.மீ. உருண்டை லாஸ்டிக் ஒரு மீற்றர் வாங்கினால் போதும். அறுபது சென்ரிமீற்றர் துண்டு ஒன்றை எடுத்து, அதன் நடுப்பகுதி உறையின் வெளிப்புறம் நிற்குமாறு இரு முனைகளையும் மேல் துளைகள் இரண்டின் வழியே உள்ளே விடுங்கள். இரு முனைகளும் உறையின் உட்புறமாகக் கீழே ஓடி, கீழ்த் துளைகள் இரண்டின் வழியே வெளியே வரட்டும். அங்கே இரண்டையும் இழுத்து முடிச்சுப் போடுங்கள். இப்போது உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையின் கீழும் ஒரு கொப்பியை நடுப்பக்கத்தில் திறந்து செருக வேண்டும். சுமார் 30 செ.மீ. துண்டை வளையமாக்கி, நடுத்துளை வழியே வெளியே எடுத்து, உட்புறம் முடிச்சிட்டால் அது உறையை மூடிப் பிடிக்கும் பட்டி.

இழுவை அளவாக இருக்க வேண்டும். கூடிப்போனால் தோல் வில்லாக வளையும், உள் கொப்பியின் மேல் விளிம்பும் கிழியும். குறைந்தால் கொப்பி நழுவும். மூன்றாவது கொப்பி வேண்டுமானால் புது இழை கோக்கத் தேவையில்லை. ஏற்கனவே உள்ள கொப்பி ஒன்றின் நடுப்பக்கத்தையும் புதிய கொப்பியின் நடுப்பக்கத்தையும் ஒரு லாஸ்டிக் வளையத்தால் சேர்த்துக் கட்டிச் செருகலாம். மூன்றுக்கு மேல் வைப்பவர்களை நான் தடுப்பதில்லை, ஆனால் அது பிறகு மூடாது.

5. உள் கொப்பி செய்தல்

ஒரு கொப்பிக்கு 16 தாள். மடித்தால் 32 இலை, 64 பக்கம். 80 ஜீ.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு 80 கிராம்) தாளில் இது சுமார் 3 மி.மீ. தடிப்பு வரும், மூன்று கொப்பியும் சேர்ந்தால் ஒரு சென்ரிமீற்றர். இதைவிடக் கூடுதலாகத் தாள் வைத்தால் நடுத்தாள்கள் வெளியே பிதுங்கி விளிம்பு சாய்வாகும்.

ஒரு றீமில் 500 தாள் இருப்பதால் 31 கொப்பிகள் கிடைக்கும். றீமின் விலையை 31ஆல் பிரித்தால் ஒரு கொப்பியின் தாட்செலவு தெரியும். றீம் 1,800 ரூபா என்று வைத்துக்கொண்டால் கொப்பிக்கு 58 ரூபா. நூல், மேலட்டை, வெட்டுக்கூலி சேர்ந்தாலும் ஒரு சாதாரண டயறியின் விலைக்குப் பக்கத்தில் போகாது. தனியாள் ஒருவருக்கு ஒரு றீம் பல வருடத் தேவை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவது புத்தி.

செய்முறை இதுதான். தாள்களை நான்கு நான்காக எடுத்து மடித்து, மடிப்பைக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, பின்னர் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். ஏ4 தாளின் இழை வழக்கமாக நீளவாட்டில் ஓடுவதால் இந்த மடிப்பு இழைக்குக் குறுக்கே விழுகிறது. கொப்பி உப்பிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் அதுவே. பாரமான புத்தகங்களின் கீழ் ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் அடங்கும். வெளியே 22 × 21 செ.மீ. பிறிஸ்டல் மட்டை ஒன்றைச் சுற்றுங்கள்.

பிறகு தையல். மடிப்புக் கோட்டில் மேலிருந்து 3.5, 10.5, 17.5 செ.மீ. தூரத்தில் கவராய முனையால் மூன்று துளை இடுங்கள். ஊசியை உட்புறமிருந்து நடுத்துளையால் வெளியே எடுத்து, மேல் துளையால் உள்ளே விட்டு, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த் துளையால் வெளியே கொண்டுவந்து, மீண்டும் நடுத்துளையால் உள்ளே எடுங்கள். நூலின் இரு முனைகளும் நடுவில் ஓடும் நீள நூலுக்கு இருபுறமும் இருக்கும்படி வைத்து முடிச்சுப் போட வேண்டும். நூலை மெழுகுதிரியில் தேய்த்தெடுத்தால் வழுக்காது. ஸ்டேப்ளர் அடித்தால் என்ன என்று கேட்பீர்கள்: சாதாரண ஸ்டேப்ளர் மடிப்புவரை எட்டாது, நீளக்கை ஸ்டேப்ளர் எட்டும், ஆனால் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து நடுப்பக்கம் முழுவதும் கறை படியும்.

கடைசியாகத்தான் விளிம்பு வெட்ட வேண்டும். அச்சகத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணன் என்னிடம் சொன்னது: “மடிச்சுத் தைச்சுப்போட்டு வெட்டினாத்தான் தம்பி விளிம்பு நேரா நிக்கும்.” ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மட்டும் சீவினால் போதும். வீட்டில் பிளேட்டும் இரும்பு அடிமட்டமும் கொண்டு வெட்டலாம், ஆனால் பத்துக் கொப்பியைச் சேர்த்து அச்சகத்து இயந்திரத்தில் ஒரே வெட்டில் வெட்டுவிப்பது நேர்த்தி. காத்தான்குடி, சாய்ந்தமருது பக்கம் போவதானால் வெள்ளிக்கிழமை மத்தியானத்தைத் தவிருங்கள், ஜும்மா நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். டிசம்பரில் எந்த அச்சகத்துக்கும் போகாதீர்கள். கலண்டர், டயறி வேலைகளுக்கு நடுவே உங்கள் பத்துக் கொப்பியை யாரும் தொடமாட்டார்கள். அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள்.

தைக்கவே பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பாடசாலை அப்பியாசக் கொப்பியில் மெல்லியதாக ஒன்றை எடுத்து, முதுகிலிருந்து 11 செ.மீ. அளந்து மிகுதியை வெட்டிவிட்டால் கோடிட்ட உள் கொப்பி தயார். உயரம் உறைக்கு அடங்குகிறதா என்று மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள்.

6. திட்டமிடலுக்குப் பக்கங்களைப் பிரித்தல்

அரையாண்டுக்கு ஒரு கொப்பி என்று வைத்துக்கொண்டால் 64 பக்கமும் பிசகில்லாமல் பொருந்தும். முதற் பக்கம் பெயருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கும். அடுத்த ஆறு பக்கம் ஆறு மாதத்துக்கு. அதன்பின் வாரத்துக்கு எதிரெதிர் இரண்டு பக்கம் வீதம் 26 வாரத்துக்கு 52 பக்கம். மிஞ்சும் ஐந்தில் நான்கு கடன், சீட்டு, வாங்கவேண்டியவை போன்ற பட்டியல்களுக்கு. கடைசிப் பக்கம் புதுப்பிக்கவேண்டிய திகதிகளுக்கு. வாரத்தின் இடப்பக்கத்தில் தலைப்புக்கு 14 மி.மீ. விட்டு, நாளுக்கு 28 மி.மீ. வீதம் கோடிட்டால் ஏழு நாளும் 21 செ.மீ. உயரத்தில் அடங்கும். வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அன்றாடம் உதவுவது அந்தப் பக்கமே.

மாதப் பக்கத்தில் முதலில் போயா நாட்களையும் மற்ற அரச விடுமுறைகளையும் குறியுங்கள். பிறை பார்த்து முடிவாகும் பெருநாட்களைப் பென்சிலால் எழுதுங்கள். மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தம், வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்கு, உங்கள் ஊர்ப் பள்ளிக் கந்தூரி என்று வீதியும் பஸ்ஸும் நெரிசலாகும் நாட்களையும் சேர்த்துக்கொண்டால் கொழும்பில் அச்சான டயறி தராத பயன் கிடைக்கும். வயல் செய்பவர்கள் ஜனவரியிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயமே இல்லை. பெரும்போகத்துக்கு அக்டோபரிலும் சிறுபோகத்துக்கு ஏப்ரலிலும் தொடங்கி, பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் அறிவிக்கும் தண்ணீர் திறக்கும் திகதியை முதல் வாரத்திலேயே எழுதிவிடலாம்.

கடைசிப் பக்கத்தைப் பற்றி ஒரு சொல். வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை வருடந்தோறும் புதுப்பிக்கும்போது செல்லுபடியாகும் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்பார்கள். ஆகவே முடியும் திகதியை மட்டும் எழுதிவிட்டு இருந்துவிடாமல், அதற்கு ஒரு மாதம் முன்னதாக வரும் வாரத்தில் “புகைப் பரிசோதனை” என்று எழுதிவையுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம், கடவுச்சீட்டு, காப்புறுதித் தவணை ஆகியவற்றுக்கும் அவ்வாறே. ஆனால் வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தையும் கடவுச்சொற்களையும் இதில் எழுதக்கூடாது; பஸ்ஸில் தவறவிடக்கூடிய பொருள் இது.

7. கோடுகளை அச்சிடுவதானால்

கையால் கோடிட அலுப்பாக இருந்தால் வார்ப்புருவைக் கணினியில் செய்து அச்சிடலாம். போட்டோக்கொப்பிக் கடைக்கு வேர்ட் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். பல கடைகளில் பாமினி எழுத்துருவிலேயே வேலை நடப்பதால் உங்கள் யூனிகோட் தமிழ் அங்கே இடம் மாறிக் குலைந்து நிற்கக்கூடும். பி.டி.எப். ஆக மாற்றிப் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். அச்சிடும்போது “பக்கத்துக்குப் பொருத்து” என்ற தெரிவை நீக்கி 100 சதவீதத்தில் வைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 28 மி.மீ. கட்டம் 26 ஆகச் சுருங்கும். தாள் கிடையாக இருப்பதால் இருபக்க அச்சுக்குக் குறுகிய ஓரத்தில் திருப்பும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். தவறினால் மறுபக்கம் தலைகீழாக வரும். முழுவதையும் அடிக்குமுன் ஒரேயொரு தாளை அச்சிட்டு மடித்துப் பாருங்கள்.

8. பேனை, மழை, வெக்கை

80 ஜீ.எஸ்.எம். தாளில் குமிழ்முனைப் பேனை நன்றாக ஓடும், ஜெல் பேனை பரவாயில்லை. மைப்பேனை பாவித்தால் மறுபக்கம் ஊறும். மைப்பேனைதான் வேண்டும் என்பவர்கள் 100 ஜீ.எஸ்.எம். தாளில் 12 இணைத்தாளோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

நவம்பரிலிருந்து பிடிக்கும் மழைக்குச் சொப்பிங் பேக்கில் சுற்றுவது சரிதான், ஆனால் வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். ஈரத்தோடு பைக்குள் கிடந்தால் ஓரிரு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்துவிட்டால் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள்; வெயிலில் காயவைத்தால் தோல் பலகையாகும். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் முதலில் போவது லாஸ்டிக். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்பவர்கள் உண்டு. அது நாளடைவில் சிக்குநாற்றம் எடுக்கும், தாளிலும் ஊறும். நிறமற்ற சப்பாத்துப் பொலிஷை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெல்லியதாகத் தடவினால் போதும், அதையும் உள் கொப்பிகளைக் கழற்றிவிட்டே செய்ய வேண்டும்.

கொப்பி மாற்றும் நாளையே இதற்கு வைத்துக்கொள்வது வசதி. 26 வாரமும் ஜூன் 30இல் சரியாக முடியாமல் போகலாம்; நாட்கள் மிஞ்சினால் அவை அடுத்த கொப்பிக்குப் போகும். ஆகவே கடைசி வாரம் தொடங்கும்போதே புதிய கொப்பியையும் செருகி, இரண்டையும் ஒரு வாரம் சேர்த்து வைத்திருங்கள். பழையதன் 64ஆம் பக்கத்துத் திகதிகளையும் தீராத கடன் கணக்கையும் பெயர்த்தெழுதியபின் அதைக் கழற்றி, மேலட்டையில் ஆண்டையும் மாதங்களையும் எழுதி, மின்சாரக் கட்டணப் பற்றுச்சீட்டுகள் வைக்கும் கோவையோடு வைத்துவிடலாம்.